இருவாச்சியின் இறகுப்பேனும் காக்கப்பட வேண்டிய உயிரே

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக எஞ்சியிருக்கும் மழைக்காடுகளில், தை, மாசி மாதங்களில் பெரிய இருவாச்சிகள் கூடுகட்டப் பொந்து தேடுவதை எஸ்டேட்டுக்காரர்கள் நன்கு அறிவார்கள். பறவை கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சிறகோசை காதில் விழுந்துவிடும். கேரளத்தின் மாநிலப் பறவையான அதை, அழிவாய்ப்புள்ள இனம் என்று 2018 முதல் உலகச் சிவப்புப் பட்டியல் வகைப்படுத்தியிருக்கிறது. எல்லைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் அதன் கூடுகளைக் காப்பதில் வனத்துறையினரும், ஆய்வாளர்களும், வாழச்சால் பகுதியின் காடர் மக்களும் பல ஆண்டுகளாக உழைத்துவருகின்றனர். இந்தக் கட்டுரை அந்தப் பறவையைப் பற்றியது என்பதைவிட, அதன் இறகுகளுக்குள்ளேயே பிறந்து, உண்டு, இனம் பெருக்கி, அங்கேயே மடியும் சிற்றுயிர்களைப் பற்றியது என்பதே பொருந்தும்.

இருவாச்சிகளின் மேல் வாழும் பேன்களில் புசெரோஃபேகஸ், புசெரோனிர்மஸ் போன்ற பேரினங்களை அறிவியல் உலகம் இருவாச்சிகளிடமிருந்தே அறிந்திருக்கிறது. காக்கையின் மேலோ, மைனாவின் மேலோ அவை குடியேறிப் பிழைத்துக்கொள்ள முடியாது. எனவே ஒரு மலைத்தொடரில் இருவாச்சி அற்றுப்போனால், அந்த மலைத்தொடரில் அவற்றுக்கும் முடிவுதான். இது பேனைப் பெருமாளாக்கும் பேச்சல்ல. அரிய பறவைகளைக் காக்கும் பணியில் இந்த உயிர்களை நாம் இதுவரை கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்பதும், சில இடங்களில் பறவையைக் காப்பதாக எண்ணி இவற்றை நம் கையாலேயே அழித்திருக்கிறோம் என்பதும் பதிவாகியுள்ள உண்மைகள்.

இறகுப்பேன் என்றதும் மனிதரின் தலைப்பேனையே பலரும் நினைக்கிறார்கள். தலைப்பேன் உறிஞ்சுகுழல் கொண்டு இரத்தம் குடிப்பது. பறவைப் பேன்களோ பெரும்பாலும் தாடைகளால் கடித்து மெல்லுபவை. மரப்பட்டைகளிலும் பழைய புத்தகங்களிலும் பூஞ்சையைத் தின்று வாழும் நுண்பூச்சிகளின் நெருங்கிய உறவினமாகவே பேன்களை இன்றைய வகைப்பாடு வைக்கிறது. அத்தகைய மூதாதை ஒன்று கூட்டின் குப்பையிலிருந்து பறவையின் உடலுக்கு ஏறி, பிறகு இறங்காமலே தங்கிவிட்டது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இதுவரை பெயரிடப்பட்டுள்ள பேன் இனங்கள் ஏறக்குறைய 5,000. அவற்றில் பெரும்பகுதி பறவைகளின் மேல் வாழ்பவை. சிறகு இல்லை; குதிக்கவும் தெரியாது. முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை மூன்று இளம்பருவங்களைக் கடந்து, ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களில் ஒரு தலைமுறையை முடிக்கும் இந்த உயிருக்குப் பறவையின் உடலுக்கு வெளியே வாழ்க்கை என்று ஒன்றில்லை.

பறவைப் பேன்களில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவினம் உடலெங்கும் வேகமாக ஓடித் திரிந்து, தோலின் செதில்களையும் தோலிலிருந்து கசியும் நீரையும், சில இனங்களில் முளைவிடும் இளம் இறகைக் கடித்து அதிலிருந்து இரத்தத்தையும் உண்ணும். பறவை இறந்துவிட்டால் இவை உடலை விட்டு வெளியே ஓடப் பார்க்கும். நாட்டுக்கோழியை அறுத்து இறகு பறித்தவர்களின் கையில் ஏறுவது இந்த வகைதான். மற்றப் பிரிவினமோ இறகோடு கட்டுண்டது. தாடைகளால் இறகிழையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, உள்ளிறகின் மென்மையான தூவிகளைத் தின்று வாழும். பறவை செத்தாலும் இறகை விடத் தெரியாமல் அங்கேயே காய்ந்துபோகும். ஒரே பறவையினத்தோடு மட்டும் ஒட்டி வாழும் பழக்கம் மிகுதியாகக் காணப்படுவதும் இந்த இரண்டாம் பிரிவில்தான். ஆகையால், அழிவு என்று வரும்போது அதிகம் கவலைப்பட வேண்டியவையும் இவையே.

காட்டுப்பாதையில் விழுந்து கிடக்கும் இருவாச்சி இறகு ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியே பார்ப்பது நல்ல பயிற்சி. (பார்த்தபின் கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும், உதிர்ந்த இறகானாலும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவது வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், இதற்கு விலக்கு மயிலிறகுக்கு மட்டுமே.) இறகுத் தண்டின் அடிப்பகுதியில், தூவிகள் தொடங்கும் இடத்தில், இழைகளுக்கு இணையாக வரிசையாய் ஒட்டப்பட்ட வெளிறிய ஈர்கள் சில சமயம் தென்படும். மூடி திறந்து, உள்ளே ஒன்றுமின்றிக் கண்ணாடி போல் நிற்பவை பொரித்து முடிந்தவை. விரல் நகத்தால் தள்ளினால் இறகிழை அறுந்தாலும் அறுமே தவிர ஈர் பெயராது. தாய்ப்பேன் சுரக்கும் பசை அவ்வளவு வலிமையானது. தூவிப் பகுதியில் ஆங்காங்கே இழைகள் அரிக்கப்பட்டு, தண்டு மட்டும் மொட்டையாய் நிற்பதைக் கண்டால் அது பேன் மேய்ந்த தடம். வெளியே தெரியும் வண்ணப் பகுதியில் இத்தகைய சேதம் அரிது. உண்பதற்குப் பேன் தேர்ந்தெடுப்பது வெளிச்சம் படாத, மென்மையான உட்பகுதியை.

பறவை உடலின் எந்த இடத்தில் எந்தப் பேன் வாழும் என்பதிலும் கறாரான ஒழுங்கு உண்டு. அரிய பறவைகளைப் பிடித்துச் சோதனை செய்ய இயலாது என்பதால், இந்த ஒழுங்கைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி மாடப்புறாக்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேல் கிளேட்டனும் அவருடன் பணியாற்றியோரும் பல பத்தாண்டுகளாக நடத்திய ஆய்வுகள் அவை. புறாவின் சிறகில் வாழும் கொலம்பிகோலா என்ற பேன் நீண்டு ஒல்லியானது. பறவை அலகால் கோதத் தொடங்கியதும், சீப்பின் பற்களுக்கிடையே சிக்கிய முடி போல, சிறகிறகின் இழைகளுக்கு நடுவே தன்னை நீளவாக்கில் செருகிக்கொள்ளும். அதே புறாவின் உடலில் வாழும் கம்பானுலோட்டஸ் குட்டையும் உருண்டையுமானது. அது தூவிகளுக்குள் புதைந்தும், இறகிலிருந்து இறகுக்கு நழுவி விழுந்தும் தப்பும். தலையில் வாழும் பேன்களுக்கு வேறு வகை உடலமைப்பு. தன் தலையைத் தன் அலகால் கோத எந்தப் பறவையாலும் முடியாது என்பதால், அங்கே மெதுவாக நகரும் தடித்த உருவமே போதுமானதாக இருக்கிறது.

ஆக, இந்தப் பேன்களின் உருவத்தைச் செதுக்கியது பறவையின் அலகு. புறாவின் மேலலகு கீழலகைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளைந்து தொங்குகிறது. அந்தச் சிறு நீட்சியை மட்டும் நீக்கிவிட்டுப் பார்த்தபோது, இரை தின்பதில் குறையேதும் ஏற்படவில்லை. ஆனால் பேன்களின் எண்ணிக்கை பெருகியது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. பேனை நசுக்குவதற்கான கருவியாகவும் அலகு அமைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம். 2019-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இன்னும் வியப்பானவை. சாதாரணப் புறாவின் பேன்களை மிகப் பெரிய வளர்ப்புப் புறா வகைக்கு மாற்றி வளர்த்தபோது, நான்கு ஆண்டுகளில், ஏறக்குறைய 60 பேன் தலைமுறைகளுக்குள், பெரிய புறாவின் பேன்கள் பெரிய உடல் கொண்டவையாக மாறின. உடல் அளவு மிகவும் வேறுபட்ட ஆணும் பெண்ணும் இணைசேர்வதே சிக்கலாயிற்று. இன்னொரு சோதனையில் வெள்ளைப் புறாக்களின் மேல் வளர்ந்த பேன்கள் வெளிறிய நிறத்துக்கு மாறின. கண்ணில் படும் பேனைப் பறவை பிடித்துத் தின்றுவிடுகிறது, கண்ணில் படாதது பிழைக்கிறது என்பதன் விளைவு அது. புதிய இனம் தோன்றுவதன் முதற்படியைக் கண்ணெதிரே காட்டக்கூடிய உயிர்கள் உலகில் அதிகம் இல்லை.

இருவாச்சியின் அலகைப் பார்க்கும் எவருக்கும் இங்கே ஒரு கேள்வி எழும். அவ்வளவு பெரிய, கொண்டை தாங்கிய அலகால் ஒரு மில்லிமீட்டர் பேனை எப்படிப் பிடிக்க முடியும்? அலகு நீண்டும் கையாளக் கடினமாகவும் உள்ள பறவைகள், கோதுவதில் உள்ள குறையைக் கால் நகத்தால் சொறிவதன் மூலம் ஈடுசெய்கின்றன என்பது 1990-களில் பல பறவைக் குடும்பங்களை ஒப்பிட்டு அறியப்பட்டது. இருவாச்சி கிளையில் அமர்ந்து நெடுநேரம் தலையையும் கழுத்தையும் சொறிந்துகொண்டிருப்பதைத் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் அது சும்மா நேரம் போக்குகிறது என்று எண்ணிவிட வேண்டாம். பெரிய இருவாச்சி தன் வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து, அந்த மஞ்சள் எண்ணெயைக் கழுத்திலும் சிறகிலும் கொண்டையிலும் பூசிக்கொள்கிறது; அதன் மஞ்சள் நிறத்தின் பெரும்பகுதி இந்தப் பூச்சினால் வருவது. அந்த எண்ணெய் பேனைக் கொல்லுமா என்பது வேறு விஷயம். புறாவின் எண்ணெயில் பேன்களை வைத்துப் பார்த்தபோது அவை மடிந்தன. ஆனால் எண்ணெய்ச் சுரப்பியை நீக்கிய புறாக்களின் உடலில் பேன்கள் பெருகியதாகத் தெரியவில்லை. கண்ணாடிக் குடுவையில் நடப்பதை உயிருள்ள பறவையின் மேல் அப்படியே ஏற்றிச் சொல்லக்கூடாது என்பதற்கு 2003-இல் வெளியான அந்த ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு.

பறவைகளிடம் வேறு முறைகளும் உண்டு. மயிலும் கௌதாரியும் காட்டுக்கோழியும் புழுதியில் புரள்வதைப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் தினமும் காண்கிறார்கள். சில பறவைகள் சிறகை விரித்து வெயில் காய்கின்றன; பேன் தாங்கக்கூடிய அளவைவிட இறகின் மேற்பரப்பு சூடாகும்போது பேன்கள் மடிகின்றன என்று நாடி என்னும் கடற்பறவையை வைத்து 1995-இல் எழுதியிருக்கிறார்கள். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) காலை வெயிலில் சிறகு விரித்து அமர்வதற்கு உடலைச் சூடேற்றுவது, வளைந்த இறகை நிமிர்த்துவது என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. பேனை ஒடுக்குவதும் அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணி காற்றின் ஈரம். இறகைத் தின்னும் பேன் தண்ணீர் குடிப்பதில்லை. வாயில் உள்ள ஒரு சிறப்பு அமைப்பினால் காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறது. காற்று வறண்டால் அதனால் ஈர்க்க முடியாது, காய்ந்து சாகும். வறண்ட நிலப்பகுதிகளில் வாழும் பறவைகளிடம் பேன்கள் குறைவாகவும், ஈரமான பகுதிகளில் மிகுதியாகவும் இருப்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. நம் எல்லைப்பகுதிக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆண்டில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இடங்கள் கொண்ட வால்பாறை மேட்டுக்கும், 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் வரும் ஆழியாற்றின் மழைமறைவு நிலத்துக்கும் ஒரு மணி நேரப் பயணந்தான் இடைவெளி. மேலே பேனுக்கு உகந்த காற்று. கீழே அதற்கு ஒவ்வாத காற்று. கடப்பைப் பக்கத்து வறண்ட முட்காடுகளில் வாழும் பறவைகளுக்கும் ஆனைமலையின் பறவைகளுக்கும் இறகுப்பேன் விஷயத்தில் ஒரே அளவுகோலை வைக்க முடியாது. மீட்பு மையத்தில் ஒரு பறவையின் பேன்களை எண்ணி, ‘அதிகம்’ அல்லது ‘குறைவு’ என்று முடிவு கட்டுகிறவர், அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தீங்கு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தூவிகள் அரிக்கப்பட்ட புறா, குளிரில் உடல் வெப்பத்தைக் காக்கக் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறது என்பதை 1993-இல் கிளேட்டனும் அவருடன் பணியாற்றியோரும் அளந்தே காட்டினர். ஆனால் அந்த அளவுக்குப் பேன் பெருகுவது, கோத முடியாத பறவையிடம்தான். அலகு உடைந்தது, மின்கம்பியில் அடிபட்டது, நஞ்சு கலந்த இரையைத் தின்றது, பட்டினியால் சோர்ந்தது என்று வேறொரு கேட்டினால் வீழ்ந்த பறவையின் மேல் பேன்கள் நூற்றுக்கணக்கில் காணப்படும்போது, பார்ப்பவர் பேனையே நோயாக எண்ணிவிடுகிறார். உண்மையில் பேன் பெருக்கம் என்பது பறவைக்கு வேறெங்கோ கோளாறு இருப்பதன் அறிகுறி. காரணத்தைத் தேடாமல் மருந்துத்தூளைத் தூவினால் பேன் சாகும், பறவை பிழைக்காது. கோழிப்பண்ணை அனுபவத்தைக் காட்டுப் பறவையின் மேல் அப்படியே பொருத்துவதால் வரும் பிழை இது. நெருக்கமாக அடைக்கப்பட்டு, அலகு நுனி வெட்டப்பட்ட பண்ணைக் கோழியிடம் பேன் பெருகுவதற்கும், காட்டில் தானே தன்னைக் கோதிக்கொள்ளும் பறவையிடம் சில பத்துப் பேன்கள் இருப்பதற்கும் பொருள் வேறு.

பேன் எப்படி அடுத்த தலைமுறைப் பறவைக்குப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் இருவாச்சியின் கதை தனித்து நிற்கிறது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் உணவுக் கழிவையும் கொண்டு வாசலை அடைத்து, அலகு நுழையும் பிளவை மட்டும் விட்டுவைக்கிறது. அடைகாக்க மட்டும் 40 நாட்கள் வரை ஆகும். குஞ்சு வளர்வதையும் சேர்த்தால் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அந்தக் காலத்தில் தன் பறக்கும் இறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்கவும் விடுகிறது. ஆண் பறவை வெளியிலிருந்து அத்திப்பழத்தைப் பிளவு வழியே ஊட்டும். உடலோடு உடல் படுவதில்லை. எனவே குஞ்சுக்குப் போய்ச் சேரும் பேன்கள் ஏறக்குறைய முழுவதும் தாயிடமிருந்தே வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உதிரும் இறகோடு ஒரு பகுதிப் பேன்கள் பொந்தின் அடியில் விழுந்து மடிய, எஞ்சியவை இருண்ட, ஈரமான அந்தச் சிறைக்குள் குஞ்சின் முளைவிடும் இறகுக்கு ஏறும். ஒரு பொந்து மரம் சாய்ந்து கூடு தோற்றுப்போனால், அந்த ஆண்டு பேனின் ஒரு பரம்பரைக்கும் வழி அடைபடுகிறது.

இதற்கு நேர்மாறான கதை குயிலினுடையது. காக்கைக் கூட்டில் வளரும் நம் குயில் குஞ்சின் மேல் தாயின் பேன் ஏற வாய்ப்பே இல்லை. காக்கையின் பேனோ குயிலிடம் நிலைப்பதில்லை. அப்படியிருந்தும் வளர்ந்த குயில் குடும்பப் பறவைகளிடம் அவற்றுக்கே உரிய பேன்கள் இருக்கின்றன. ஜப்பானில் பொதுக்குயிலை வைத்து 1998-இல் வெளியான ஆய்வில், கூட்டை விட்டு வெளியேறும் குஞ்சுகளிடம் பேன்கள் இல்லை என்பதும், பின்னர் தம் இனத்தோடு சேரும்போதே அவை தொற்றுகின்றன என்பதும் தெரிந்தன. வேறொரு வழியும் உண்டு. பறவை இறகுகளுக்குள் பக்கவாட்டில் ஓடும் தட்டையான பேன் ஈயின் காலைக் கவ்விக்கொண்டு, சில பேன்கள் ஒரு பறவையிலிருந்து இன்னொரு பறவைக்குச் சவாரி போகின்றன. புறாவின் சிறகுப்பேன் இதில் கைதேர்ந்தது. உடல்பேனுக்கு இது கைவருவதில்லை.

இறகில் வாழ்பவை எல்லாமே ஒட்டுண்ணிகள் என்று சொல்லிவிடவும் கூடாது. சிறகிறகின் அடிப்புறத்தில், இழைகளுக்கிடையே வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் இறகுச் சிற்றுண்ணிகளின் குடலில் என்ன இருக்கிறது என்று மரபணு முறையில் ஆராய்ந்தவர்கள், அங்கே இருப்பது பூஞ்சையும் பாக்டீரியாவும் என்று கண்டார்கள். இறகைத் துப்புரவு செய்யும் உதவியாளராகவே அவற்றைக் கருத வேண்டியிருக்கலாம். உதிரப்போகும் இறகை முன்கூட்டியே உணர்ந்து, அடுத்த இறகுக்கு அவை இடம்பெயர்வதும் பதிவாகியுள்ளது. பேன் மருந்து தூவும்போது இவையும் சேர்ந்தே மடிகின்றன.

ஆந்திர எல்லையில் பழவேற்காட்டு ஏரியில் இறங்கும் பூநாரைகளின் இறகுக்குள்ளும் ஒரு பழைய வழக்கு புதைந்திருக்கிறது. பூநாரையின் பேன்கள் அனாட்டிகோலா, அனாட்டோயேகஸ், டிரினோட்டான் ஆகிய பேரினங்களைச் சேர்ந்தவை. இவை வாத்துகளின் மேல் வாழ்பவை. பேனும் பறவையும் சேர்ந்தே கிளைத்து வந்தவை என்ற விதியை நம்பி, பூநாரை வாத்தின் உறவுப் பறவை என்று ஒரு சாரார் நெடுங்காலம் வாதிட்டனர். மரபணு ஆய்வோ பூநாரையின் நெருங்கிய உறவினர் முக்குளிப்பான்களே என்று காட்டிவிட்டது. பேன்களின் மரபணுவையும் 2006-இல் ஆராய்ந்தபோது, ஒரு காலத்தில் வாத்துக்கும் பூநாரைக்கும் இடையே பேன்கள் தாவியிருக்கின்றன என்பது விளங்கியது. ஆழமற்ற ஒரே நீரில் இரண்டும் நெருங்கி மேயும் காட்சியைப் பழவேற்காட்டில் பார்த்தவர்களுக்கு அது எப்படி நிகழ்ந்திருக்கும் என்பது புரியும். பேன் சில நேரம் பறவையின் குலவரலாற்றையும், சில நேரம் அது யாரோடு பழகியது என்பதையும் சொல்லும் சாட்சி. சாட்சி அழிந்துபோனால் வழக்கை மீண்டும் எடுக்க முடியாது.

அழிவு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதற்குப் பாறுகளையே எடுத்துக்கொள்ளலாம். மாடுகளுக்கு வலிநீக்கியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பது 2004-இல் உறுதியாயிற்று. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா 2006-இல் தடைசெய்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில், வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை இந்தியாவில் 99.9 விழுக்காடு வீழ்ந்தது. தென்னிந்தியாவில் அவை இனப்பெருக்கம் செய்து நிலைத்திருக்கும் இடமாக எஞ்சியது நீலகிரியின் சீகூர், மோயாறு பகுதியும் அதை ஒட்டிய வயநாடும் பந்திப்பூரும்தான். பறவைக்கு நேர்ந்த அந்த வீழ்ச்சி அவற்றின் இறகுப்பேன்களுக்கும் அதே விகிதத்திலாவது நேர்ந்திருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் வரை வளரும் லேமோபோத்ரியான் போன்ற பெரிய பேன் பல்வேறு பாறு இனங்களில் வாழ்வதால் ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். ஒரே இனத்தோடு ஒட்டியவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பறவை முற்றாக அழியும் முன்பே பேன் அழிந்துவிடும் என்பதும் இங்கே நினைவில் கொள்ள வேண்டியது. எஞ்சிய சில நூறு பறவைகளில் எல்லாவற்றிடமும் எல்லாப் பேன் இனங்களும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நியூசிலாந்தின் சிறு புள்ளிக் கிவி இதற்குச் சான்று. பெருநிலத்தில் அது அற்றுப்போக, கபிட்டித் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மிகச் சில பறவைகளின் வழிவந்தவையே இன்றிருக்கின்றன. பெருநிலத்துப் பறவைகளிடமிருந்து அறியப்பட்ட ராலிகோலா பில்கிரிமி என்ற பேன் அவற்றிடம் இல்லை. பறவை பிழைத்தது, பேன் போயிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியப் பெருங்கழுகுக்கு நேர்ந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. ஈய நஞ்சாலும் துப்பாக்கியாலும் அழிவின் விளிம்புக்குப் போன அந்த இனத்தில் மிஞ்சிய 27 பறவைகளையும் 1987-க்குள் பிடித்துக் கூண்டில் வளர்த்தார்கள். அந்த முயற்சி வென்றது; இன்று 500-க்கு மேற்பட்ட பறவைகள் இருக்கின்றன. ஆனால் பிடித்த பறவைகளுக்கு வழக்கமான நடைமுறையாகப் பேன் மருந்து கொடுக்கப்பட்டது. அந்தக் கழுகைத் தவிர வேறெங்கும் வாழாத கொல்போசெஃபாலம் கலிபோர்னிசி அதோடு உலகிலிருந்தே மறைந்தது. கழுகின் வீழ்ச்சிக்கும் அந்தப் பேனுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. தேவையில்லாத ஒரு சாவு என்றே நான் அதைக் கருதுகிறேன்.

சேர்ந்தே அழிதல் என்ற கருத்தை 1993-இலேயே முன்வைத்துவிட்டார்கள். 2004-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஒரு மதிப்பீடு, அப்போது அழிவாய்ப்பில் இருந்த உயிரினங்களைச் சார்ந்திருந்ததால் மட்டுமே அழிவை எதிர்நோக்கியிருந்த உயிரினங்கள் 6,300 என்று கணக்கிட்டது. இவற்றில் பெயர் சொல்லிக் காக்கப்படுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அஸ்ஸாமின் குள்ளப்பன்றியின் மேல் மட்டும் வாழும் ஒரு பேன், மிகவும் அருகிய இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதை நம் நாட்டிலேயே பலர் அறியவில்லை. பாலூட்டிக்கு ஒன்று உண்டென்றால் பறவைக்கு ஏன் இருக்கக்கூடாது?

‘மனிதனுக்கும் பறவைக்கும் தொல்லை கொடுக்கும் உயிரைக் காப்பதற்கு இவ்வளவு பாடா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருவாச்சிப் பேன் மனிதரிடம் ஒருநாளும் தங்காது. பறவைக்கும் அது புதிய பகை அல்ல. அலகின் வளைவையும், சொறியும் காலையும், வெயில் காயும் பழக்கத்தையும் அந்தப் பகையே பறவைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பேனற்ற சூழலில் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்த பறவையைக் காட்டில் விடும்போது, அங்கே முதன்முதலாகச் சந்திக்கும் ஒட்டுண்ணியை அது எப்படி எதிர்கொள்ளும் என்பதையும் யோசிக்க வேண்டும். பேன் இல்லாத இருவாச்சி முழுமையான இருவாச்சி அல்ல என்பது என் துணிபு.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அடிபட்ட இருவாச்சியோ பாறோ கிடைத்தால் உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கோழிக்குத் தூவும் மருந்துத்தூளையோ, வேப்பெண்ணெயையோ, வசம்பையோ அதன்மேல் போடக்கூடாது. மீட்பு மையங்களில் இவற்றைப் புறா, கோழிக் கூண்டுகளின் அருகே வைக்காமல் இருந்தாலே அயல்பேன் தாவுவது பெருமளவு குறையும். பறவையின் உயிரைக் காக்க மருந்து கட்டாயம் என்று மருத்துவர் முடிவுசெய்தால், மருந்துக்கு முன் ஒரு வெள்ளைத் தாளின் மேல் இறகை மெல்லக் கோதி, விழும் பேன்களையும் சிற்றுண்ணிகளையும் சாராயக் குப்பியில் எடுத்துவைக்க வேண்டும். குப்பிக்குள்ளேயே, பென்சிலால் எழுதிய சீட்டில், எந்தப் பறவை, எந்த இடம், எந்த நாள், உடலின் எந்தப் பகுதி என்பவை இருக்க வேண்டும். மையால் எழுதினால் சாராயத்தில் கரைந்துவிடும். இந்தச் சீட்டின் அருமை வட அமெரிக்கப் பயணப்புறாவின் பேன்களால் தெரிந்தது. அந்தப் புறாவினத்தின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. அதனோடு இரண்டு பேன் இனங்களும் அழிந்தன என்று நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. அவற்றில் ஒன்று, அழிந்தது என்ற பொருளிலேயே பெயரிடப்பட்ட கொலம்பிகோலா எக்ஸ்டிங்டஸ், வேறொரு புறாவினத்தின் மேல் உயிரோடு இருப்பது 1999-இல் தெரியவந்தது. மற்றொன்று ஆஸ்திரேலியப் புறா ஒன்றின் பேன். எங்கோ ஒரு குப்பியில் பறவையின் பெயர் மாறிப்போயிருந்தது.